அருவியில் ஊறிய விரல்

இனி என் வீட்டில் காகிதத்துக்கு இடமில்லை! போன மாதம் இப்படி முடிவெடுத்து, என் நோட்டுகள் அத்தனையையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். பால் கணக்கு முதல் பரீட்சைக் குறிப்பு வரை எல்லாம் போனுக்குள் குடியேறின. என் மனைவி இராமலட்சுமி மட்டும் தன் நோட்டைத் தரவில்லை.

"இது இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். விட்டுவிட்டேன். பெரிய மனசு.

சனிக்கிழமை காலை வேலை உத்தரவு வந்தது. போனில்தான். பன்னிரண்டு மணிக்குள் 'சம்மதம்' பட்டனை அழுத்த வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆளும் நானாகத்தான் இருக்க வேண்டும். உடனே அழுத்தப் பயமாக இருந்தது. தலை குளிர்ந்தபின் அழுத்தலாமென்று தென்காசியிலிருந்து ஐந்தருவிக்கு வண்டியை விட்டேன்.

கூட வந்த இராமலட்சுமிக்குச் சளி. போனை வாங்கிக்கொண்டு குடைக்குள் நின்றாள். நான் குளித்தேன். சீசன் தண்ணீர் என்னை விடவில்லை. வெளியே வரும்போது பதினொன்றே முக்கால்.

போனில் விரல் வைத்தேன். 'மீண்டும் முயலவும்.' துடைத்துவிட்டு வைத்தேன். மீண்டும் முயலச் சொன்னது. விரலைப் பார்த்தேன். பழைய நார்த்தங்காய் ஊறுகாய் போலச் சுருங்கியிருந்தது.

"நம்பர் போட்டும் தொறக்கலாம்லா?"

"மறந்துட்டு, ஏட்டி."

"எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கியளா?"

"பத்திரமா வச்சிருக்கேன்."

"எங்கன?"

"போனுக்குள்ள."

குடை குலுங்கச் சிரித்தாள்.

"எங்க அப்பா கைநாட்டு, நான் பட்டதாரின்னு ஊரெல்லாம் சொல்லுதிய. அவுக வருசத்துக்கு ஒரு கைநாட்டு வச்சிருப்பாவ. நீங்க ஒரு நாளைக்கு நூறு வைக்கிய!"

"வேலை போகுதுட்டி! ஏதாச்சும் செய்யி. நீ என்ன சொன்னாலும் கேக்கேன்."

அந்தச் சொல்லுக்குத்தான் காத்திருந்தாள் போலும். பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினாள்: 'வீட்டில் நோட்டு இருக்கும். சாப்பிடும்போது போன் இருக்காது.' கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினாள். ஈரக் கையில் வழுக்கி, அது தண்ணீரோடு போய்விட்டது.

"விடுங்க. கைநாட்டே வைங்க."

என் கட்டைவிரலில் கண்மையைத் தடவினாள். முதல் பட்டதாரி கைநாட்டு வைத்தேன்.

நோட்டை மூடிவிட்டு, போனில் தன் விரலை வைத்தாள். திறந்துகொண்டது. 'சம்மதம்' பக்கத்தை எடுத்து நீட்டினாள். அழுத்தினேன். 'வாழ்த்துகள்' என்றது போன். வேலை கிடைத்துவிட்டது!

சந்தோஷம் அடங்கிய பிறகுதான் உறைத்தது.

"ஒன் விரலுக்கு எப்படிட்டி தொறந்துது?"

"போன் வாங்கின அன்னைக்கு, கூட வந்த சின்னப் புஸ்தகத்த நீங்க வரி விடாம படிச்சிய. அதுக்குள்ள நான் பதிஞ்சிட்டேன்."

"நோட்டு போதும்னு சொன்ன?"

"நோட்டு வேணும்னுதான் சொன்னேன். போன் வேண்டாம்னு எப்பச் சொன்னேன்?"

நம்பாமல் போனின் உள்ளே போய்ப் பார்த்தேன். பதிவான விரல்கள் இரண்டு. முதல் விரலுக்குப் பெயர், இராமலட்சுமி.

நான் வெறும் 'விரல் 2'.