மாப்பிள்ளைக்குக் கொன்ட்ராக்ட் இருக்கோ?

"காசு குடுத்தோ வாங்கினனீர்?"

வாய்வரை கொண்டுபோன தேநீர்க் கோப்பையை வாமதேவன் அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஓம் அங்கிள். முழுக் காசும் குடுத்து வாங்கினனான்," என்றான் லதீசன், கொஞ்சம் பெருமையாகவே.

லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் அந்த வீட்டுக்கு அவன் பெண் பார்க்க வந்திருந்தான். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வந்ததும் வராததுமாக, வேலை செய்யாமல் கிடந்த வாசல் மணியைக் கழற்றிச் சரிசெய்து கொடுத்திருந்தான். எலெக்ட்ரீசியனுக்கு அது ஒரு வேலையா? பெண் யசோதினி அதைப் பார்த்துவிட்டு, "பொம்பிளை பாக்க வாறவை பூ கொண்டு வருவினம். நீங்கள் ஸ்க்ரூட்ரைவரோட வந்திருக்கிறியள்," என்று சிரித்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று லதீசன் அந்த நிமிடமே முடிவெடுத்துவிட்டான்.

பிறகுதான் பொக்கெற்றில் உறுத்திய போனை எடுத்து மேசையில் வைத்தான். பொத்தான் ஒன்றும் இல்லாமல், விரலால் தடவினால் படம் நகரும் போன். 2009ஆம் ஆண்டில் அப்படி ஒன்றை மேசையில் வைத்தால் பேச்சு வேறெங்கே போகும்?

"கொன்ட்ராக்ட்டில எடுக்கேல்லையோ? மாசாமாசம் கட்டுற மாதிரி?" என்று வாமதேவன் மறுபடி கேட்டார். பாரிசிலிருந்து லண்டனுக்கு வந்து சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர். அதிகம் பேசாத மனிதர்.

"எனக்கு அது பிடிக்காது அங்கிள். ஒருத்தருக்கும் கடமைப்படக் கூடாது. ஜேர்மனியில இருக்கேக்கையும் அப்பிடித்தான். டொப்-அப் போட்டுக் கதைச்சாப் போதும்."

"ஓ," என்றார் வாமதேவன். கோப்பை கீழே இறங்கியது. அதன்பிறகு அவர் மழையைப் பற்றி மட்டுமே பேசினார்.

வீட்டுக்குப் போய்ச் சேர முதலே சுசிலா மாமியின் அழைப்பு வந்தது. லண்டனின் மிச்சம் பகுதியில் இருக்கும் அவர் லதீசனின் அம்மாவுக்குச் சிநேகிதி. இந்தச் சம்பந்தத்தைப் பேசியவரும் அவர்தான்.

"தம்பி, அங்கை என்ன சொன்னனீர்? மனுசன்ர முகம் செத்துப்போச்சு எண்டு யசோதினியின்ர அம்மா நகுலேஸ்வரி சொல்லுறா."

லதீசன் நடந்ததைச் சொன்னான்.

"கெடுத்தீரே! விசா இல்லாதவைதான் இஞ்ச காசு குடுத்துப் போன் வாங்கிறவை. கொன்ட்ராக்ட் எண்டால் பேர், விலாசம், பாங்க் எல்லாம் தோண்டித் துருவுவாங்கள். உமக்கு விசா இல்லையெண்டு அவர் நினைச்சிட்டார்."

"மாமி, என்னட்டை ஜேர்மன் பாஸ்போட்டே இருக்கு!"

"நான் சொன்னனான்தான். சொல்லுறதை எல்லாரும் நம்புகினமோ? போன வருசம் ஒருத்தன் டொக்டர் எண்டு சொல்லித்தான் வந்தவன்."

"அப்ப பாஸ்போட்டைக் கொண்டுபோய்க் காட்டட்டோ?"

"கேக்க முதல் காட்டினால் இன்னும் சந்தேகம் வரும். பேசாமல் போய் ஒரு கொன்ட்ராக்ட் எடும்."

மறுநாள் வேலை முடிந்ததும் லதீசன் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு போன் கடைக்குள் நுழைந்தான். கணினிக்கு முன்னால் இருந்த பெண் சிரித்த முகத்தோடு கேள்விகளை ஆரம்பித்தாள்.

"வீட்டுக் கடன் இருக்கா?"

"இல்லை."

"கார்க் கடன்?"

"இல்லை. வேலைக்கு ஓட்டும் வானையும் காசுக்குத்தான் வாங்கினேன்."

"கிரெடிட் கார்ட்?"

"என் வாழ்க்கையில் தொட்டதில்லை," என்று அவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு ஒவ்வொரு பதிலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கணினியைப் பார்த்தாள். அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "மன்னிக்கவும். கடனே வாங்காத ஒருவர் கடனைத் திருப்பிக் கட்டுவாரா என்று எங்களால் சொல்ல முடியாது."

லதீசனுக்கு ரோசம் வந்துவிட்டது. நேரே எதிர்க்கடைக்குப் போனான். அங்கே இன்னும் மோசம். "இப்போதுதான் இன்னொரு கடையிலும் கேட்டிருக்கிறீர்கள். இப்படி அடுத்தடுத்துக் கேட்டால் உங்களுக்குப் பணக் கஷ்டம் என்று கணினி நினைத்துக்கொள்ளும்," என்றார் அங்கிருந்தவர்.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியவன் கடை வாசலில் யார்மேலோ மோதினான். நிமிர்ந்து பார்த்தால் வாமதேவன்!

"தம்பி! நீரும் இஞ்சையோ?" அவரும் திடுக்கிட்டுத்தான் போனார். "நான் சும்மா... விலை பாக்க வந்தனான்."

விலை பார்க்கவா வந்தார்? என்னை வேவு பார்க்க அல்லவா வந்திருக்கிறார் என்று லதீசன் நினைத்தான்.

வாமதேவன் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "கொன்ட்ராக்ட் கேட்டனீரோ? என்ன சொன்னவங்கள்?"

"ஓ... ஓமெண்டு சொல்லிட்டாங்கள் அங்கிள்."

"ஓமெண்டோ? இந்தக் கடையிலயோ?"

"ஓம். நாளைக்கு வந்து எடுக்கட்டாம்."

வாமதேவனின் முகம் பூவாக மலர்ந்தது. அந்த முகம் அப்படி மலரும் என்று லதீசன் நினைத்தும் பார்த்ததில்லை. "நல்லது தம்பி, மெத்த நல்லது! சனிக்கிழமை வீட்டை வாரும். போனையும் கொண்டு வாரும், பாப்பம்."

அன்றைக்கே லதீசன் கூட்டாளி துஷாந்தனின் வீட்டுக் கதவைத் தட்டினான். துஷாந்தன் லண்டனில் பிறந்தவன். இருக்கிற கடனெல்லாம் அவன் பெயரில் இருந்தது.

"மச்சான், உன்ர பேரில ஒரு கொன்ட்ராக்ட் எடுத்துத் தா. நான் மாசாமாசம் கட்டுறன்."

"பதினெட்டு மாசம்டா! கலியாணம் குழம்பினாலும் போன் குழம்பாது, தெரியுமோ?"

"கலியாணம் குழம்பாமல் இருக்கத்தானேடா போன் கேக்கிறன்!"

துஷாந்தனுக்குக் கடையில் கண்மூடித் திறப்பதற்குள் போன் கொடுத்தார்கள். நாற்காலி போட்டு உட்கார வேறு வைத்தார்கள். வாழ்நாளில் ஒரு சதம் கடன்படாத லதீசன் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை வாமதேவன் வீட்டில் வரவேற்பு தடபுடலாக இருந்தது. சுசிலா மாமியும் வந்திருந்தார். நகுலேஸ்வரி சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். யசோதினி அவனைப் பார்த்து, "இண்டைக்கு ஸ்க்ரூட்ரைவர் கொண்டு வரேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வாமதேவன் புதுப் போனைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கினார்.

"எத்தினை மாசம் தம்பி?"

"பதினெட்டு, அங்கிள்."

"கனக்கக் கேள்வி கேட்டவங்களோ?"

"இல்லை அங்கிள். உடனையே தந்திட்டாங்கள்."

"அப்பிடியோ! ஒருத்தற்ற பேரில ரெண்டு எடுக்க ஏலுமோ?"

இது என்ன பொறி என்று லதீசனுக்கு விளங்கவில்லை. "ஏலும்... எண்டுதான் நினைக்கிறன்," என்றான், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

அந்த நேரம் பார்த்து வாமதேவனின் கையிலிருந்த போன் அடித்தது. எங்கே தொடுவது என்று தெரியாமல் அவர் எல்லா இடமும் தொட்டார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"வணக்கம், மிஸ்டர் துஷாந்தன்! உங்கள் புதிய கொன்ட்ராக்ட்டுக்கு வாழ்த்துகள்!"

நகுலேஸ்வரி வடைச் சட்டியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஆர் துஷாந்தன்?" என்றார் வாமதேவன்.

விசா இல்லை, காசு இல்லை என்பது போதாதென்று இப்போது இரண்டு பெயர் வேறு. லதீசனால் இனித் தாங்க முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கோட்டுப் பைக்குள் வைத்திருந்த பாஸ்போட்டை எடுத்து மேசையில் வைத்தான்.

"அங்கிள், நான் கள்ளன் இல்லை. துஷாந்தன் என்ர கூட்டாளி. எனக்கு ஒரு கடையிலயும் தரமாட்டன் எண்டிட்டாங்கள். நான் ஒருநாளும் கடன் வாங்கேல்லை, அதுதான் காரணம். பொய் சொன்னது பிழை. ஆனால் எனக்கு விசா பிரச்சினை இல்லை. உங்கட மகளை எனக்குப் பிடிச்சிருக்கு."

"பாத்தியளே அண்ணை, ஜேர்மன் பாஸ்போட்!" என்று சுசிலா மாமி வெற்றியோடு அதை விரித்துக் காட்டினார்.

வாமதேவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அப்ப, தம்பி, உமக்கு உண்மையிலயே கொன்ட்ராக்ட் தரமாட்டாங்களோ?"

"தரமாட்டாங்கள் அங்கிள்."

வாமதேவன் கதிரையில் சாய்ந்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

யசோதினி முன்னால் வந்து நின்றாள். "அப்பா, எனக்கும் அவரைப் பிடிச்சிருக்கு. ஓகேயா?"

"பிடிச்சால் கட்டு பிள்ளை. நல்ல பெடியன். நான் வேண்டாம் எண்டு எப்ப சொன்னனான்?" என்றார் அவர், அதே செத்த முகத்தோடு.

லதீசனுக்குத் தலை சுற்றியது. "அப்ப ஏன் அங்கிள் இவ்வளவு கவலைப்படுறியள்? விசாவில இன்னும் சந்தேகமோ?"

நகுலேஸ்வரி வடைத் தட்டை அவன் முன்னால் வைத்தார்.

"விசாவை ஆர் தம்பி கேட்டது? பாரிசில இருந்து வந்த நாள் தொடக்கம் இந்த மனுசனுக்கும் ஒரு கடையிலயும் கொன்ட்ராக்ட் குடுக்கிறாங்களில்லை. வாற மருமோன்ர பேரிலயாவது ஒண்டு எடுப்பம் எண்டு இருந்தவர்!"