டிரம்மும் நானும் பொங்கிய நாள்

கடன் கொடுத்தவர்கள் நம்மைப் படம் பிடிக்க வந்தால், அன்றைக்கு நம் மானம் கப்பலேறப் போகிறது என்று அர்த்தம். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

கொச்சி மட்டாஞ்சேரியில் இட்லி மாவு அரைத்து விற்பது என் தொழில். சாயாக்கடைகளின் ஆர்டருக்குச் சின்னக் கிரைண்டர் தாங்காமல் முனகியபோது, எங்கள் தெருப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு நுண்கடன் நிறுவனத்தில் கடன் வாங்கினோம். எனக்குப் பெரிய கிரைண்டர் வந்தது. வியாபாரம் நன்றாகவே ஏறியது. (தவணை வாங்க வரும் பினு சாரின் பைக்கும் வாராவாரம் வந்தது. பெய்கிற மழைக்குக்கூட அது லீவு எடுத்ததில்லை.)

ஒருநாள் பினு சார் உற்சாகமாக வந்தார்.

"சேச்சி, ஹெட் ஆபீஸ் மேடம் வீடியோ எடுக்க வருது. 'இந்தக் கடன் என் வாழ்க்கையை மாத்திடுச்சு'ன்னு ஒரு வரி பறஞ்சா போதும். அடுத்த லோன் ஈஸியா கிட்டும்."

இரண்டாவது கிரைண்டர் ஒன்றின் மேல் எனக்கு ரொம்ப நாளாகக் கண். தலையாட்டிவிட்டேன். அதோடு விட்டேனா? கடை செழிப்பாகத் தெரிய வேண்டுமே என்று இருந்த அரிசியையெல்லாம் அரைத்து, புது நீல டிரம்மில் கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகி வைத்தேன்.

"இந்த வெக்கைக்கு மாவு பொங்கும்டி. மூடியைத் தளர்த்தி வை" என்றார் என் கணவர் முருகேசன்.

"மாவைப் பத்தி எனக்கே பாடமா?" என்றேன். (தொழிலதிபர் அல்லவா!)

மறுநாள் மேடம் ஒரு கேமராக்காரரோடு வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. கேமரா ஓட, பினு சார் பெருமையாக டிரம்மின் மேல் குனிந்து மூடியைத் திருகினார். 'உஸ்' என்றது. இன்னொரு திருகு. மூடி கூரையில் போய் மோதியது. அடுத்த கணம் பினு சாருக்கு மீசை எது, மாவு எது என்று தெரியவில்லை. மேடத்தின் கண்ணாடியிலிருந்து மாவு சொட்டியது.

நான் பூமிக்குள் புதைந்துவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் பினு சார் விடவில்லை. "சேச்சி, கேமரா ஓடுது. அந்த வரி... வேகம் பறயூ!"

எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம்.

"சொல்ல மாட்டேன் சார். கிரைண்டருக்குக் காசு குடுத்தீங்க, வியாபாரம் ஏறுச்சு, ரெண்டும் நெஜம். ஆனா மழைக்காலத்துல சாயாக்கடைச் சேட்டன்மார் பாதி மாவுதான் வாங்குறாங்க. தவணை பாதியாகுதா? அரிசிக்கு வெச்ச காசை எடுத்து உங்களுக்குத்தான் கட்டுறேன். விடியும் முன்னாடி எந்திரிச்சு அரைக்கிறது நான். என் வாழ்க்கையை நான் மாத்தினேன்னு வேணா போடுங்க, நூறு தடவை சொல்றேன்!"

மேடம் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, என்னை நன்றாகப் பார்த்தார். "இது நியாயமான கேள்விதான்" என்றார். கேமராவை அணைக்கச் சொன்ன பிறகுதான் அதைச் சொன்னார்.

வீடியோ வெளிவரவில்லை. தவணையும் மாறவில்லை. அடுத்த லோன் 'பரிசீலனையில்' போய்ப் படுத்துக்கொண்டது. நான் கலூரில் பழைய கிரைண்டர் ஒன்றைப் பேரம் பேசி, சொந்தக் காசில் தூக்கி வந்தேன்.

ஆனால் என் வீட்டார் இருக்கிறார்களே! ஊறுகாய் ஜாடியைத் திறந்தாலும் முருகேசன், "மேடம், தள்ளி நில்லுங்க!" என்று கத்துவார். மகளின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை பாயசப் பாத்திரத்தின் மூடியில் கை வைத்ததும், எங்கள் பக்கத்து ஆட்கள் மொத்தமும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள். சம்பந்தியம்மா திகைத்துப்போய் என்னவென்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒன்று விடாமல் நானே சொன்னேன்.