சத்தமில்லாத டிஸ்க் வாங்கிய முயல்

ஒரு காட்டில் ஒரு முயல் இருந்தது. இதுவரைக்கும் எல்லாக் கதைகளும் ஒன்றுதான். இந்த முயலிடம் கூடுதலாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதனால் அதன் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

முயலின் பெயர் ஏகாம்பரம். அதன் மனைவி கனகவல்லி. குழந்தைகள் எத்தனை என்று கேட்காதீர்கள், முயல் வீடு அது. ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் ஏகாம்பரம் குழந்தைகளைத் தனித்தனியாக உட்கார வைத்துப் போட்டோ எடுத்து, கீழே பெயர் போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கும். அப்படிச் செய்திருக்காவிட்டால் பெற்ற பிள்ளைகளையே அது 'ஏய், வெள்ளைக் காது' என்றுதான் கூப்பிட வேண்டியிருக்கும். தகப்பன்மார்களின் ஞாபகசக்தி எல்லாக் காட்டிலும் ஒரே லட்சணம்தான்.

அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது. உள்ளே சுற்றுகிற தட்டு 'கர்ர்ர்' என்று இழுக்கும். நடுவில் 'டக்... டக்...' என்று இடிக்கும். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடியும் 'கர்ர்ர்'. வளைக்குள் கிளம்புகிற சத்தம் வெளியே புதர் வரைக்கும் கேட்கும். ஒரு போட்டோவைத் திறக்கச் சொன்னால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொல்லும் ஆபீசர் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

"என்னங்க, பால் குடுத்து இப்பத்தான் தூங்க வெச்சேன். உங்க பொட்டி உறுமினதுல மொத்தப் புள்ளைங்களும் முழிச்சிருச்சு," என்றது கனகவல்லி. "ஒண்ணு அதை மாத்துங்க. இல்லாட்டி நீங்க அதையும் தூக்கிட்டு வெளியில போய்ப் படுங்க."

"மாத்தணும்தான் கனகு. டக்டக்னு இடிச்சா சாகப்போகுதுன்னு அர்த்தமாம். அது செத்தா புள்ளைங்க போட்டோ அத்தனையும் போயிரும். அதனாலதான் அவசரப்படாம, நல்லா உழைக்கிறதா, சத்தமே போடாததா பாத்து வாங்கலாம்னு இருக்கேன்."

"போன மழைக்கும் இதைத்தான் சொன்னீங்க."

மனைவி மதிக்காவிட்டாலும் ஏகாம்பரத்துக்கு வெளியில் நல்ல மரியாதை இருந்தது. முக்கியமாக, தணிகாசலம் என்ற நரியிடம். சாயங்காலம் அந்த வழியாகப் போகும்போது தணிகாசலம் வாலைத் தாழ்த்தி, குரலையும் தாழ்த்தி, "வணக்கம்ண்ணே, சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டு ஓரமாக நடந்து போகும். ஒரு நரி ஒரு முயலைப் பார்த்து 'சாப்டாச்சா' என்று கேட்பதெல்லாம் சாதாரண விஷயமில்லை. படிப்புக்குக் கிடைக்கிற மரியாதை என்று ஏகாம்பரம் நினைத்துக்கொண்டது. "கம்ப்யூட்டர் வெச்சிருக்கோம்ல?" என்று கனகவல்லியிடம் அடிக்கடி சொல்லும்.

சரி, டிஸ்க் விஷயத்துக்கு வருவோம். ஏகாம்பரம் காட்டுவாசிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் கேள்வியைப் போட்டது: 'வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நல்ல ஹார்ட் டிஸ்க் எது? சத்தம் வரக் கூடாது. சீக்கிரம் போகக் கூடாது.'

முதலில் நாலைந்து காலை வணக்கங்கள் வந்தன. பிறகு மயில், "லைட் எரியிறதா பாத்து வாங்குங்க, சூப்பரா இருக்கும்" என்றது. பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி ஓடைத் தண்ணீரில் குளிர வைத்தால் சரியாகிவிடும் என்ற ஃபார்வர்டைக் குரங்கு அனுப்பி, குறைந்தது பத்து பேருக்காவது அனுப்பும்படி கேட்டுக்கொண்டது. "எல்லா டிஸ்க்கும் ஒருநாள் சாகும். எப்போது என்பதுதான் கேள்வி," என்றது ஆந்தை. நிபுணர்கள் பேச்சில் இது ஒரு சௌகரியம். தப்பே இருக்காது, உபயோகமும் இருக்காது.

ஆமை பூங்காவனம் மட்டும்தான் உருப்படியாகப் பதில் போட்டது. "எங்க வீட்ல ஒண்ணு இருக்கு. வாங்கி வருஷக்கணக்காச்சு. ஒரு சத்தம் கிடையாது. ஒரு நாள் தொந்தரவு குடுத்தது கிடையாது. கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க."

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு எதையும் செய்கிற ஆள் இல்லை. நேரிலேயே பார்த்துவிடலாம் என்று பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனது. பூங்காவனம் பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டியது. மேலே மஞ்சள், குங்குமம். ஓரத்தில் சீல் அப்படியே இருந்தது.

"பிரிக்கவே இல்லையே?"

"பிரிச்சா புதுசு போயிடும்ல? நல்ல நாளா பாத்துப் பிரிக்கலாம்னு வெச்சிருக்கோம்."

"அப்ப, சத்தம் வராதுன்னு சொன்னீங்களே?"

"வருதா? நீங்களே காதை வெச்சுப் பாருங்க."

ஏகாம்பரம் காதை வைத்துப் பார்த்தது. முயல் காது அது. அதற்கே ஒன்றும் கேட்கவில்லை.

இணையத்தில் எழுதியிருந்தவர்களும் பூங்காவனத்தின் சொந்தக்காரர்கள் மாதிரிதான் இருந்தார்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் எல்லோரும் 'டப்பா அழகாக வந்து சேர்ந்தது' என்று எழுதியிருந்தார்கள். ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்த காட்டெருமை, கொண்டுவந்து கொடுத்தவர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்ததாகக் குறைப்பட்டிருந்தது. டிஸ்க்கைப் பற்றி யாரும் ஒன்றும் எழுதவில்லை. ஏகாம்பரம் அத்தனையையும் படித்தது. படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியது, கூடக் கூட மேலும் படித்தது.

இதற்குள் ஒருநாள், போன பங்குனியில் பிறந்த குழந்தைகளின் போட்டோக்கள் திறக்கவே இல்லை. டிஸ்க் 'டக் டக்' என்று இடித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. கனகவல்லி அந்தக் காலித் திரையைப் பார்த்து அழுதது. பங்குனிப் பிரசவத்தில் பிறந்ததில் ஒரு குட்டி மழைக்காலத்தில் தவறிப்போயிருந்தது. அதன் முகம் அந்தப் போட்டோவில் மட்டும்தான் இருந்தது. ஏகாம்பரம் ஆராய்ச்சியைக் கட்டி வைத்துவிட்டு ஒரே ஓட்டமாகக் கடைக்கு ஓடியது.

கடைக்காரர் சபாபதி, முள்ளம்பன்றி. அந்தக் கடையில் யாரும் ரொம்ப நெருங்கிப் பேரம் பேசியதில்லை.

"இதை எடுத்துக்கோங்க சார். இதுல சுத்துற தட்டே கிடையாது. இழுக்காது, இடிக்காது. வேலை பாக்குறதே தெரியாது."

"நம்பலாமா?"

"மூணு வருஷம் வாரன்ட்டி இருக்கு."

"அதுக்குள்ள போயிருச்சுன்னா?"

"புது டிஸ்க் தருவோம்."

"உள்ள இருந்த புள்ளைங்க?"

சபாபதி ஏகாம்பரத்தை மேலும் கீழும் பார்த்தது. "புள்ளைங்களை நீங்கதான் சார் புதுசா ரெடி பண்ணிக்கணும். உங்களுக்கு அதெல்லாம் ஒரு கஷ்டமா?"

கோபம் வந்தாலும் எதிரே முள் இருந்ததால் ஏகாம்பரம் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தது.

கம்ப்யூட்டரைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, பழையதில் இருந்தவற்றை அதில் ஏற்றியது. பழைய டிஸ்க் முனகிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கக்கியது. நல்ல வேளையாகப் பங்குனிக் குழந்தைகளும் வந்து சேர்ந்தன. அதோடு பழைய டிஸ்க்கின் வேலை முடிந்தது. அதற்குமேல் அதில் எதையும் படிக்கவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை. ஏகாம்பரம் அதைக் கழற்றிப் பக்கத்திலேயே போட்டது. கம்ப்யூட்டரின் பக்க மூடியைத் திரும்ப மாட்டவில்லை. கழற்றிய மூடியை மாட்டும் வழக்கம் எந்தக் காட்டிலும் கிடையாது.

புது டிஸ்க் சொன்ன நொடியில் எல்லாவற்றையும் திறந்தது. மூச்சுச் சத்தம்கூட இல்லை. குழந்தைகள் நன்றாகத் தூங்கின. கனகவல்லியும் தூங்கியது. அந்த டிஸ்க்கைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் தணிகாசலம் வந்தது. வழக்கம்போல் வாலைத் தாழ்த்தியது. ஆனால் நடக்காமல் நின்றது.

"வணக்கம்ண்ணே. என்ன, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு?"

வாசலில் உட்கார்ந்து புல் மென்றுகொண்டிருந்த ஏகாம்பரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "அமைதியாத்தான் இருக்கும் தம்பி. மாத்தியாச்சு."

"என்னண்ணே மாத்துனீங்க?"

"உள்ள உறுமிக்கிட்டே இருக்கும்ல, அதைத்தான். கொஞ்ச நாளாவே இழுத்துக்கிட்டு இருந்துச்சு. நேத்தோட முடிஞ்சிருச்சு."

"அடடா. அப்ப இப்ப உள்ள யாரும் இல்லையா?"

"புதுசா ஒண்ணு வந்திருக்கு. சின்னதுதான், என் காதுல பாதி இருக்கும். வாயே திறக்காது. இருக்கிற இடமே தெரியாது."

தணிகாசலம் ஓரத்திலிருந்து நடுப்பாதைக்கு வந்தது. தாழ்ந்திருந்த வால் நிமிர்ந்தது.

"ஏன்யா ஏகாம்பரம், இத்தனை நாளா உன் வீட்ல சிறுத்தை குடியிருக்குன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்? கர்ருனு இழுக்கும். அப்புறம் எலும்பைக் கடிக்கிற மாதிரி டக்டக்னு கேக்கும். முயல் வீட்லயே வாடகைக்கு இருக்குன்னா எப்பேர்ப்பட்ட சிறுத்தையா இருக்கணும்னு பயந்து, உனக்கெல்லாம் வணக்கம் வேற வெச்சுத் தொலைச்சேன்."

"அது சிறுத்தை இல்ல, ஹார்ட் டிஸ்க்!" என்றது ஏகாம்பரம். உயிர் போகிற நேரத்திலும் அதனால் திருத்தாமல் இருக்க முடியவில்லை. படித்த முயல் அல்லவா?

"என்ன எழவோ, இப்ப இல்லைல்ல? தள்ளுடா."

அண்ணன் என்ற மரியாதை 'டா'வுக்கு வந்து சேர அவ்வளவு நேரம்தான் ஆனது. நரி தலையை வளைக்குள் நுழைத்தது. ஏகாம்பரம் பின்பக்கமாகவே உருண்டு உள்ளே விழுந்தது. குழந்தைகள் விழித்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தின. பின்வாசல் இருந்தது. ஆனால் அத்தனை குழந்தைகளையும் அந்த வழியாக வெளியேற்ற நேரமில்லை. யாரை முதலில் தூக்குவது என்று தெரியாமல் ஏகாம்பரம் ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிக் கீழே வைத்தது.

கனகவல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது ஓடவில்லை. மூடாத பெட்டிக்குள் கையை விட்டு, ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரிலிருந்து கரண்ட் வயர் ஒன்றை இழுத்து, கீழே கிடந்த பழைய டிஸ்க்கில் செருகியது.

'கர்ர்ர்ர்... டக்... டக்...'

உள்ளே வந்த தலை அப்படியே நின்றது.

"ஐயா எந்திரிச்சிட்டாருங்க," என்று சத்தமாகச் சொன்னது கனகவல்லி. "பசியோட எந்திரிச்சிருக்காரு. யாரு, தணிகாசலம் தம்பியா? உள்ள வாங்க தம்பி. நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க."

"இல்லண்ணி, இருக்கட்டும், இன்னொரு நாள் வர்றேன்," என்ற குரல் வெளியே போய்க்கொண்டே வந்தது. "அண்ணே, நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க!"

அன்று முதல் ஹார்ட் டிஸ்க் என்பது சிறுத்தையைவிடப் பெரிய ஒரு மிருகம் என்று காடு முழுக்கச் செய்தி பரவியது.

பழைய டிஸ்க்குக்கு மறுவாழ்வு வந்தது. அதை ஒரு மெத்தையில் வைத்து, வாசலுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் ஓட விட்டார்கள். ஒரு போட்டோவைக்கூடத் திறக்கத் தெரியாது, ஆனால் என்ன உறுமல்! ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டார்கள். 'ஐயாவைத் தொந்தரவு பண்ணாதீங்க' என்று குழந்தைகளை அதட்டினார்கள். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் குழந்தைகளுக்கு இப்போது தூக்கம் வருவதில்லை. மற்ற முயல்கள் சபாபதியின் கடையில் வரிசையில் நின்று, "ரொம்பப் பழசா, நல்லா இடிக்கிறதா ஒண்ணு குடுங்க" என்று கேட்டன. கெட்டுப்போன டிஸ்க்குகளைப் புதியவற்றைவிட அதிக விலைக்கு விற்றுச் சபாபதி இரண்டாவது கடை திறந்தது.

புது டிஸ்க்? பெட்டிக்குள் இருந்தது. பிறந்த குழந்தைகளின் போட்டோக்களையெல்லாம் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டது. அதற்கு யாரும் பொட்டு வைக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோய்விட்டது. இருந்த நல்ல வயரை ஐயாவுக்குக் கொடுத்துவிட்டு, டேப் சுற்றி ஒட்டுப்போட்ட வயரை இதற்கு மாட்டியிருந்தார்கள்.

மூத்த மகள் முல்லைக்கொடிக்குக் கல்யாணம் நிச்சயமானது. வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர் வைக்க, மணப்பெண்ணின் குழந்தைப் பருவப் படம் வேண்டும் என்றார்கள். ஏகாம்பரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது. ஒன்றும் திறக்கவில்லை. சபாபதி வந்து பார்த்துவிட்டு, "இது செத்து ரொம்ப நாளாச்சு சார். ஒட்டு வயர்ல கரண்ட் ஏறி இறங்கியே போயிருக்கு. எப்பன்னு சொல்ல முடியாது," என்றது.

அத்தனை பிரசவத்துக் குழந்தைகளும் போயின. கனகவல்லி கணவனைத் திட்டவில்லை. மழையில் தவறிப்போன அந்தப் பங்குனிக் குட்டிக்கு மூக்கில் மச்சம் இடப்பக்கமா, வலப்பக்கமா என்று மட்டும் கேட்டது. ஏகாம்பரத்துக்குத் தெரியவில்லை. இந்த இடத்தில் யாருக்கும் அழுகைதான் வரும். ஏகாம்பரத்துக்கு வந்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கோபம் வந்தது.

"சாகப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று செத்த டிஸ்க்கைப் பார்த்துக் கத்தியது. "ஐயா மாதிரி ரெண்டு தடவை இடிச்சுக் காட்டியிருக்கலாம்ல? இதுக்குத்தான் வாயைத் திறக்காதவனை நம்பவே கூடாதுங்கறது!"

கல்யாணத்தன்று பேனர் கம்பீரமாக நின்றது. மணப்பெண்ணின் குழந்தைப் படம் வர வேண்டிய இடத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கின் படம் பெரிதாக இருந்தது. கீழே, 'ஐயாவின் நல்லாசியுடன்.' தணிகாசலம் மொய் எழுதிவிட்டு, அதற்கு முன்னால் நின்று ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனது.

நீதி: வேலை செய்கிறவன் சத்தம் போடக் கூடாது என்று காடே சொல்லும். சத்தம் போடுகிறவன் வேலை செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே பிள்ளைகளே, நன்றாக உறுமப் பழகுங்கள். வேலையை உள்ளே எவனாவது செய்துகொண்டிருப்பான்.