ஏழாவது பாட்டை எடுக்கச் சொல்

அரியலூர்,
ஞாயிறு, காலை 6.10.

அன்புள்ள மாப்பிள்ளை ராஜராஜனுக்கு,

உன் மாமா இராமலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா மேகலா சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் நீயே குடும்ப வாட்ஸப் குரூப்பில் வீடியோவைப் போட்டு, கீழே நாலு சிரிப்பு மூஞ்சியும் வைத்துவிட்டாய். நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கோயமுத்தூரில் நீயும் வேணியும் சுகமா என்று கேட்காமல் கடிதம் ஆரம்பிக்கக் கூடாது என்பதால் கேட்கிறேன். பதில் அவசியமில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேச எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. வாயைத் திறந்தால் யாராவது ரெக்கார்டு பண்ணி, பின்னால் தாளம் போட்டு ஊருக்கு விட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டு நாளாக வீட்டிலேயே நான் பேசுவதில்லை. காபி வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் 'காபி' என்று எழுதி நீட்டுகிறேன். உன் அக்கா அதைப் படித்துவிட்டு, பின்பக்கத்தில் 'பால் இல்லை' என்று எழுதித் தருகிறாள். இருபத்தெட்டு வருடக் குடித்தனம் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா மகன் முத்தமிழ்ச்செல்வன் நான் சொன்னால் கேட்பதில்லை, நீ சொன்னால் கேட்பான். அவன் இன்ஜினியரிங் முடித்ததற்கு டிரம்ஸ் செட்டு வாங்கிக் கொடுத்த புண்ணியவான் நீ. ஆகவே அவன் போட்டிருக்கும் 'புழுதி' ஆல்பத்தில் ஏழாவது பாட்டை எடுக்கச் சொல்ல வேண்டியது உன் கடமை. எடுத்தால் அவன் என் மகன். எடுக்காவிட்டால் அவன் இப்போது போய் உட்கார்ந்திருக்கிற விக்கிரமங்கலத்திலேயே இருந்துகொள்ளட்டும்.

உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். அவனும், பூவரசன் என்று கிட்டார் வைத்திருக்கும் விக்கிரமங்கலத்துப் பையனும், சத்யா என்று பேஸ் கிட்டார் வாசிக்கும் பெண்ணும் சேர்ந்து 'கல்மரம்' என்று ராக் பேண்டு வைத்தார்கள். ஆல்பம் வருவதற்கு முன்னால் கிளப்புகளில் வாசிக்கப் போவதாகச் சொன்னார்கள். இந்த மூன்று பேரில் யாருக்கும் கடிகாரம் பார்க்கத் தெரியாது. நான் பஸ் ஸ்டாண்டில் இருபத்தைந்து வருடம் டைம் கீப்பராக இருந்தவன். நேரம் பார்க்க ஓர் ஆள் வேண்டாமா என்று நானே கூடப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் கிளப் பெரம்பலூரில். கிளப் என்றதும் நான் என்னவோ நினைத்துக்கொண்டு சட்டையைப் பெட்டி போட்டு மாட்டிக்கொண்டு போனால், அது ரிட்டயர்டு ஆட்கள் சீட்டாடும் மனமகிழ் மன்றம். ஆறு மணி என்று போட்டது ஏழு பத்துக்குத்தான் ஆரம்பித்தது, டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். பூவரசன் வாயைத் திறந்து ஒரு கத்தல் கத்தினான். சீட்டாடுகிறவர்கள் நிமிரவே இல்லை. நம்மவன் டிரம்மில் ஓங்கி ஒரு அடி அடித்தான் பார், மேஜை ஆடி, ரம்மி சேர்த்து வைத்திருந்த பெரியவர் ஒருவரின் சீட்டெல்லாம் தரையில் விழுந்துவிட்டது. அவர் எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, "ஏந்தம்பி, ஒரு மெலடி தெரியாதா உங்களுக்கு? செத்த வூட்டுல கூட இதவிட மெதுவாத்தான்யா அடிப்பானுவோ" என்றார். அதே நிமிடம் ஃபியூஸ் போயிற்று. கிட்டார் இரண்டும் ஊமையாகிவிட, நம்மவன் மட்டும் இருட்டில் பதினான்கு நிமிடம் விடாமல் அடித்தான். அதற்கு மட்டும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கிளப் நம்மூரில், ஒரு சிமெண்ட் ஆலை ஊழியர்களுடையது. யாரோ ரிட்டயர் ஆகிறார் என்று விருந்து. கச்சேரி என்றதும் பழைய பாட்டு பாடும் ஆர்க்கெஸ்ட்ரா என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாலையும் கழுத்துமாக அந்த மனிதர் மனைவியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, இவர்கள் எடுத்த எடுப்பில் 'புழுதி' பாட்டைப் பாடினார்கள். வரிக்கு வரி சிமெண்ட் தூசியையும் லாரியையும் திட்டுகிற பாட்டு. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மொத்தப் பேரும் அந்தத் தூசியில் சம்பளம் வாங்கிப் பிள்ளை வளர்த்தவர்கள். இரண்டாவது பாட்டுக்கு நேரமே கொடுக்கவில்லை. பந்தியில் இலை போட்டிருந்தது, உட்காரக் கூட விடாமல் அனுப்பினார்கள். அவசரத்தில் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடியதில், டிரம்ஸ் செட்டின் அந்தப் பெரிய பித்தளைத் தட்டு என் பங்குக்கு வந்தது. துண்டில் சுற்றி டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் 'ஜங்' என்றது. ஒவ்வொரு ஜங்குக்கும் பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது.

இவ்வளவுக்கும் நான் கோபப்படவில்லை. ஏன் தெரியுமா? அந்த வாரம் முத்தமிழ் என்னிடம் வந்து, "அப்பா, ஏழாவது பாட்டு உங்களப் பத்தினது. பேரே 'அப்பா'தான்" என்றான். மாப்பிள்ளை, எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பிள்ளையையா தினமும் திட்டினோம் என்று இருந்தது. பாட்டைப் போட்டுக் காட்டு என்று கேட்கவில்லை. மேடையிலேயே கேட்போம் என்று விட்டுவிட்டேன். என் வாழ்நாளில் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். உடனே செந்துறை, மீன்சுருட்டி, உடையார்பாளையம் என்று உறவுக்காரர்கள் ஒருவர் விடாமல் போன் போட்டு, "என்னப் பத்தி பாட்டு போட்டிருக்கான், வந்துருங்க" என்று நானே கூப்பிட்டேன்.

வெளியீட்டு விழாவையும் நானே கையில் எடுத்தேன். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அரியலூரில் வேறொரு கிளப்பின் மாடி ஹாலைப் பிடித்து, அழைப்பிதழ் அடித்தேன். இறைவணக்கம், வரவேற்புரை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தலைமை, என்னோடு வேலை பார்த்த கண்டக்டர் அய்யாக்கண்ணு முன்னிலை, முதல் பிரதி பெறுபவர் இராமலிங்கம், டைம் கீப்பர் (ஓய்வு). இப்போதெல்லாம் பாட்டுக்கு சி.டி. தட்டே கிடையாதாம், எல்லாம் போனிலேயே வருமாம். பிரதி இல்லாமல் எப்படி வெளியிடுவது? ஒரு பென் டிரைவை வெற்றிலை பாக்கு, பழத்தோடு தாம்பாளத்தில் வைத்தேன். சரியாக ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். பொன்னாடைகள் முடிந்து, தலைமையாசிரியர் இசையின் மகிமை பற்றி ஐம்பது நிமிடம் பேசி முடித்து, முதல் பாட்டு தொடங்கும்போது மணி ஏழு நாற்பது. அது தாமதம் இல்லை. அது நிகழ்ச்சி நிரல். கறுப்பு பனியன் போட்ட பிள்ளைகள் நூறு பேர் அதுவரை நின்றுகொண்டு ஊளையிட்டார்கள். பாட்டு தொடங்கியதும் முன்வரிசைப் பெரியவர்களின் பொன்னாடைகளை உருவித் தலைக்கு மேல் சுழற்றினார்கள். தலைமையாசிரியரின் பொன்னாடை பூவரசன் கிட்டாரில் சிக்கியது. அவன் அதோடேயே வாசித்தான். சரி, இளரத்தம் என்று நான் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஏழாவது பாட்டு வந்தது. விளக்கை எல்லாம் அணைத்து என் மீது மட்டும் ஒன்றைத் திருப்பினார்கள். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டேன். பாட்டே இல்லை மாப்பிள்ளை. டிரம்ஸ் சத்தம், அதன் மேல் ஒரு குரல். அந்தக் குரல் என்னுடையது. "எந்திரிடா! மணி ஏழு இருவத்திரெண்டு! செந்துறை வண்டி ஏழு இருவதுக்கே போயிட்டுது! இன்னும் என்னடா தூக்கம்?" காலையில் நான் அவன் கதவுக்கு வெளியே நின்று கத்துவதை எல்லாம் படுத்துக்கொண்டே போனில் பிடித்து வைத்திருக்கிறான். "ஒரு இன்டர்வியூவுக்குப் போவத் துப்பில்ல, திங்கிற சோத்துக்குச் சத்தம் மட்டும்தான் மிச்சம்!" ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. உறவுக்காரர்கள் சிரித்தார்கள். உன் அக்கா சிரிக்கவில்லை. அந்த வரி இரண்டாவது தடவை வந்தபோது கறுப்பு பனியன்கள் என் குரலோடு சேர்ந்து, "மணி ஏழு இருவத்திரெண்டு!" என்று கத்தினார்கள்.

கடைசியில் டிரம்ஸ் நின்றுவிட்டது. குரல் மட்டும் வந்தது. அது கத்தல் இல்லை, மெதுவாக, ஒருமுறை அவன் வேலை கிடைக்காமல் திருச்சியிலிருந்து திரும்பி வந்த மறுநாள் காலையில் நான் சொன்னது. "நீ பொறந்த சேதி வந்த அன்னைக்கு இதே செந்துறை வண்டிய மூணு நிமிசம் லேட்டா விட்டேன். இருவத்தஞ்சு வருச சர்வீஸ்ல அந்த ஒரு நாள்தான் லேட்டு. அதுவும் தண்டம்." ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தக் கறுப்பு பனியன்கள் கூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், விளக்கு என் மேல்தான் இருந்தது. அதைச் சொன்னபோது அது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுதானே சொன்னேன்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், "என்னப் பத்தின பாட்டுன்னு சொன்னியேடா?" என்று கேட்டேன். "நீங்க சொன்னதுதாம்ப்பா. நான் ஒரு வரி சேக்கல" என்றான். "என்னப் பத்தி இவ்வளவுதானாடா?" என்றேன். குச்சிகளைப் பையில் வைத்துக்கொண்டே, "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்" என்றான். அன்றைக்குப் போனவன்தான், பூவரசனின் மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம், "நடந்தத பாத்தியா?" என்று கேட்டேன். அவள், "அவன் காலேஜு முடிச்சதுலேருந்து தெனம் காலையில எனக்குக் கேக்குதுங்க. உங்களுக்கு இன்னைக்குத்தான் கேட்டுச்சா?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகுதான் இந்தத் துண்டுச் சீட்டு.

வெளியே தலை காட்ட முடியவில்லை. நான் விசில் ஊதினால் நடுங்கிய பஸ் ஸ்டாண்டில் இப்போது டிரைவர், கண்டக்டர் எல்லாரும் என்னைப் பார்த்து "மணி ஏழு இருவத்திரெண்டு" என்று சல்யூட் அடிக்கிறார்கள். மீன்சுருட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், நான் பந்தியில் உட்கார்ந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் அதைப் போட்டார்கள். பெரம்பலூரில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, "எங்க அப்பாவும் இப்படித்தாங்க" என்று சொல்லி, சிரிப்பாள் என்று பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறாள். இதற்கெல்லாம் யார் பொறுப்பு? ஆகவே அந்தப் பாட்டு இருக்கக் கூடாது. எங்கெங்கே ஏற்றி வைத்திருக்கிறானோ அங்கிருந்தெல்லாம் எடுக்க வேண்டும். அதுவரை அவன் என் வாசலை மிதிக்கக் கூடாது, இது உறுதி. நீயும் பேச்சை மாற்றாமல், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவனிடம் பேசு.

வேணிக்கு என் ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், பிள்ளை குட்டிகளோடு, டிரம்ஸ் இல்லாத வீட்டில் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
இராமலிங்கம்.

பி.கு.: காலையில் எழுதிய கடிதத்தை ஒட்டி, தபால் பெட்டியில் போடப் போகும் வழியில் அய்யாக்கண்ணுவைப் பார்த்தேன். முத்தமிழ் பிறந்த அன்றைக்கு அந்தச் செந்துறை வண்டியின் கண்டக்டர் அவர்தான். என்னை நிறுத்தி, "ஏன்யா, பாட்டுல மூணு நிமிசம்னு வருது? பதினோரு நிமிசம்யா அது! ரிஜிஸ்டர்ல மூணுன்னு எழுதிக்கன்னு நீதானே சொன்ன? டபுள் விசில் குடுத்த வண்டிய நிறுத்தி, ஏறி வந்து, ஒவ்வொரு சீட்டா ஆரஞ்சு மிட்டாய் குடுத்து, பையன் பொறந்துருக்கான், பையன் பொறந்துருக்கான்னு சொன்னியேய்யா. கடைசி சீட்டுக் கெழவி தூங்குச்சுன்னு அத எழுப்பி வேற குடுத்த" என்றார். உண்மைதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனிடமும் சொன்னதில்லை. அதனால் உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். பாட்டை எடுக்கச் சொல்லாதே. மூன்று என்பது தப்பு, பதினொன்று என்று திருத்தி மறுபடி ரெக்கார்டு பண்ண வேண்டும், அவ்வளவுதான். நானே போய்ச் சொல்கிறேன். தண்டம் என்ற சொல் என் வாயில் வராது. இதை நீ சொல்ல வேண்டாம், நாளைக் காலை முதல் வண்டியில் நானே விக்கிரமங்கலம் போகிறேன். அவன் தூங்கிக்கொண்டுதான் இருப்பான். கொட்டகை வாசலில் உட்கார்ந்திருப்பேன். எழுப்ப மாட்டேன்.