லேஸ் விரிப்பின் மேல் ஒரு டேங்கி

ராஜரத்தினம் ஒரு சபதம் எடுத்திருந்தார். மனைவி புஷ்பத்திடம் 'திரும்பி வா' என்று ஒரு தடவைகூடச் சொல்வதில்லை. சொல்லாமலே வரவழைத்துக் காட்டுவது.

மகள் சஞ்சீவனியின் பிரசவத்துக்காகப் புஷ்பம் கட்டாருக்குப் போய் இரண்டு மாதமாகிவிட்டது. "மூணே மாசந்தாங்க. கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ராஜரத்தினமும் கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்து அலுத்துப்போனார். கட்டுகஸ்தோட்டை வீட்டில் பேச ஆளில்லை. மின்சார மீட்டர் பார்க்க வந்தவரைத் தேநீர் குடித்துவிட்டுப் போகும்படி கையைப் பிடித்து இழுத்தார். அந்த மனிதர் அடுத்த மாதம் மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டார்.

புஷ்பத்துக்கு ஆகவே ஆகாத ஒன்று உண்டு. பழைய சாமான். அக்குறணை நிஸாமின் பழைய சாமான் கடைப் பக்கம் முப்பது வருடமாகக் கணவரைத் திரும்பிப் பார்க்கவும் விட்டதில்லை. அங்கிருந்து ஒன்று வந்து அவளுடைய சாப்பாட்டு மேசையில், அதுவும் அவள் கைப்படப் பின்னிய லேஸ் விரிப்பின் மேல் உட்கார்ந்தால்? அடுத்த விமானத்தில் வந்து இறங்கித் திட்டுவாள். திட்டட்டும். திட்டுவதற்காவது வீட்டில் ஓர் ஆள் வேண்டாமா?

"வாங்க சேர், ஒங்களத்தான் பாத்துக்கிட்டு ஈந்தேன்" என்றார் நிஸாம், கடை வாசலில் அவரைக் கண்டதுமே. வியாபாரப் பேச்சு என்று ராஜரத்தினம் எடுத்துக்கொண்டார்.

"பெருசா, அசிங்கமா ஏதும் இருக்கா?"

நிஸாம் யோசிக்கவே இல்லை. நேரே உள்ளே போய் ஓர் அலுமினியப் பெட்டியை இழுத்து வந்தார். நீர்த்தேக்கத்தில் ஓடிய படகொன்றின் பெற்றோல் டேங்கி. வெளியே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. உள்ளே பழைய பெற்றோல் பிசினாகக் காய்ந்து கிடந்தது.

"ஓட்டை இருக்கா?"

"ஈக்குது சேர். எங்கன்னுதான் தெரியா. தேடணும்."

அன்று மாலை வீடியோ அழைப்பில் போனைத் திருப்பி மேசையைக் காட்டினார்.

"என்னங்க அது?"

"படகு டேங்கி."

"மேசை மேலயா?"

"லேஸ் விரிப்பு மேல!"

புஷ்பம் ஒரு நொடி கண்ணை இறுக மூடித் திறந்தாள். "நல்லா வெளிச்சம் விழுற எடந்தான். பேரன் முழிச்சிட்டான், வச்சிர்றேன்."

இதென்ன கூத்து? ராஜரத்தினம் விடவில்லை. டேங்கிக்குள் வெந்நீரும் சவர்க்காரமும் ஊற்றி, பிசின் உதிரத் துண்டுச் சங்கிலியையும் போட்டு, தெருவே அதிரக் குலுக்கினார்.

"ஒன் இட்லிச் சட்டியிலதான் தண்ணி கொதிக்க வச்சேன்" என்று மறுநாள் வேண்டுமென்றே சொன்னார்.

"பரவால்ல. மூணு தரம் அலசுங்க, வாட நிக்கக்கூடாது. கை ஏன் கரியா இருக்கு?"

"அலுமினியம் தேச்சா அப்படித்தான்."

"தேசிக்காய் புளிஞ்சு கழுவுங்க. அப்புறம்?"

அந்த 'அப்புறம்' அவருக்குப் பிடித்திருந்தது. 'சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா' என்பதோடு முடிந்துகொண்டிருந்த பேச்சு இப்போது அரை மணி நேரம் நீண்டது. அவளைக் கோபமூட்டவென்று தொடங்கிய வேலையை, மாலையில் சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே என்று பகல் முழுக்கச் செய்தார்.

மூன்றாவது வாரம் டேங்கியின் வாய்களைச் செருப்பு ரப்பரால் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் பூசினார். அடி மூலையில், ஒட்டு ஓடிய இடத்தில், ஒரு சின்னக் குமிழி எழும்பியது.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தினார்.

புஷ்பம் சமைக்கும் குசினியிலிருந்து யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராஜரத்தினத்துக்கு அழுகை வந்துவிட்டது. டேங்கியைத் தூக்கிப் பக்கத்துக் கதிரையில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை சபதம் உதட்டுவரை வந்து நின்றது.

"புஷ்பம்..."

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. ஓட்டை ஆப்புட்டுச்சு."

"அதுக்குள்ளயா?" என்றாள் புஷ்பம். குரலில் கவலை தெரிந்தது. ஓட்டை கிடைத்ததற்கு இவள் ஏன் கவலைப்படுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

பிலிமத்தலாவையில் வெல்டிங் செய்துகொண்டு வந்தார். மறுபடி காற்றடித்துப் பார்த்தபோது ஒரு குமிழிகூட இல்லை. அதையும் புஷ்பத்திடம் பெருமையாகச் சொன்னார். மறுநாள் காலையில் நிஸாமின் லொறி வாசலில் வந்து நின்றது. துருப்பிடித்த படகு மோட்டர் ஒன்று இறங்கியது. கூடவே அதன் உதிரிகள் இரண்டு சாக்கு.

"நான் கேக்கவே இல்லையே, நிஸாம்!"

நிஸாம் தலையைச் சொறிந்தார். "அக்கா கட்டாருக்குப் போக முந்தியே கடைக்கு வந்து செல்லிட்டுத்தான் சேர் போனாங்க. 'அவரு எப்படியும் வருவாரு, மொதல்ல டேங்கியக் குடுங்க, தனியா ஈந்து மனசு ஒடஞ்சிருவாரு'ன்னு. நேத்து போன்ல கோல் எடுத்து, மோட்டர எறக்கச் சென்னாங்க."

ராஜரத்தினம் சாக்குகளைப் பார்த்தார். "இது எத்தன நாள் வேலை?"

"மகளுக்கு இன்னும் ஒடம்பு தேறலயாம் சேர். ஆறு மாசத்து வேல ஈக்குறதாப் பாத்துக் குடுக்கச் சென்னாங்க." நிஸாம் மோட்டரின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "மேசையிலேயே வைக்கலாமாம். அந்த லேஸ் விரிப்ப மட்டும் மொதல்ல எடுத்துறட்டுமாம்."