ரம்புத்தான் மரமும் என் இரண்டு கால்களும்

பட்டியல் போட்டு வாழ்கிறவர்களுக்கு ஒரு நோய் உண்டு. பட்டியலில் இல்லாத பொருள் உலகத்திலேயே இல்லை என்று மனதார நம்பிவிடுவார்கள். எனக்கு அது முற்றிப்போயிருந்த நேரத்தில்தான், காட்டுத்தீ தகவல் திரட்டும் செயலியை உருவாக்கும் வேலை என் கைக்கு வந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். வறண்ட மாதங்களில் எங்காவது புகை தெரிந்தால், தீயணைப்புத் தன்னார்வலர்கள் கைப்பேசியோடு அங்கே போய் என் கேள்விகளுக்குப் பதில் தட்ட வேண்டும். தீ எவ்வளவு உயரம் எரிகிறது? இலை கருகியிருக்கிறதா? அடிமரம் கறுத்திருக்கிறதா? மரம் ஏதும் விழுந்திருக்கிறதா? செயலி கணக்குப் போட்டு ஒரு நிறம் காட்டும். சிவப்பு என்றால் தண்ணீர் பம்ப் முதலில் அங்கே போகும். பச்சை என்றால் 'சேதம் இல்லை', பம்ப் வராது.

யாரும் ஏமாற்றிவிடக் கூடாதே என்று இரண்டு பூட்டும் போட்டிருந்தேன். தகவல் போய்ச்சேரும் நொடியில் செயலி தானே ஒரு படம் எடுத்துக்கொள்ளும். போன தகவலை யாரும் திருத்த முடியாது. (நானும்தான். அலுவலகத்தில் இதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினேன்.)

முதல் களச் சோதனை டெங்கிலுக்கு அப்பால், மேரி ஆன்டியின் ரம்புத்தான் தோட்டத்தில். கூட வந்தவர் கிள்ளானைச் சேர்ந்த தன்னார்வலர் குமரன் அண்ணன். வாரநாளில் லோரி ஓட்டுகிறவர். அவருக்கும் செயலி புதிது, அந்த இடமும் புதிது.

மேரி ஆன்டி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தோட்டத்தின் ஓரத்திலேயே அவருடைய பலகை வீடு. மரத்துக்கு மரம் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்.

"ரெண்டு நாளா புகை வாடை, கண்ணு. எங்கேர்ந்து வருதுன்னே தெரியல. வீட்டு மேல ஏறிடுமோன்னு தூக்கமே இல்ல."

சுற்றிப் பார்த்தேன். மரங்கள் அத்தனையும் பச்சைப்பசேல். தரையில் அங்கங்கே, இட்லிப் பானை மூடியைத் திறந்ததுபோல் மெல்லிய புகை. எரியும் தீ எங்குமே இல்லை. நான் கேள்விகளைத் தட்டினேன். தீயின் உயரம் பூஜ்யம். கருகிய இலை இல்லை. கறுத்த மரம் இல்லை. விழுந்த மரம் இல்லை. திரை குளிர்ச்சியாகப் பச்சை காட்டியது.

"நல்ல செய்தி ஆன்டி. சேதம் இல்ல."

"அப்போ தண்ணி வராதா?"

"மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு எரியுது ஆன்டி. பம்ப் ஒண்ணுதான் இருக்கு. அங்கதான் போகும்."

அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு லேசாக உறுத்தியது. ஆனால் பச்சை பச்சைதானே என்று 'அனுப்பு' பொத்தானை அழுத்தினேன்.

லைன் இல்லை. சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"உயரமா தூக்கிப் பிடி தங்கச்சி. இங்கெல்லாம் லைன் ஆகாசத்துலதான் இருக்கும்," என்றார் குமரன் அண்ணன்.

இரு கையாலும் கைப்பேசியைத் தலைக்கு மேல் உயர்த்தினேன். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் உயரம் கிடைக்கட்டும் என்று நுனிக்காலில் நின்று, பின்னால் இருந்த மரத்தில் முதுகைச் சாய்த்தேன்.

மரம் போய்விட்டது.

முறியவில்லை, சத்தம் போடவில்லை. வழிவிடுகிற ஆள் மாதிரி அது பாட்டுக்குப் பின்னால் சாய்ந்தது. கூடவே நானும். இலைக் குவியலில் முதுகு, வானத்தில் கால். மேலே துணிக்கயிறு அறுந்து ஆன்டியின் பூப்போட்ட படுக்கை விரிப்பு என் மேல் இறங்கியது. அந்த நொடி பார்த்துத்தான் லைன் கிடைத்திருக்கிறது. விரிப்புக்கு வெளியே நீண்டிருந்த கையில் கைப்பேசி 'க்ளிக்' என்றது.

"கால கீழ வைக்காத," என்று குமரன் அண்ணன் கத்தினார்.

விரிப்பை விலக்கிப் பார்த்தேன். மரம் நின்ற இடத்தில் குழி. வேர் இருக்க வேண்டிய இடத்தில் வேர் இல்லை, சாம்பல்தான். அதன் அடியில், வெயில் எட்டாத இருட்டில், சிவப்பாக ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மங்கும், பிரகாசிக்கும், மறுபடி மங்கும்.

அது மலாயில் 'கம்புட்' என்கிற நிலம். இலையும் வேரும் கட்டையும் நெடுங்காலம் நீரில் ஊறி, மட்காமல் அடுக்கடுக்காகக் கிடக்கும் கறுப்பு மண். காய்ந்தால் மண்ணே விறகு. தீ மேலே வராமல் உள்ளுக்குள்ளேயே நடந்து போகும். இதையெல்லாம் நான் படித்திருந்தேன், தேர்வில் எழுதியுமிருக்கிறேன். ஆனால் என் கேள்விகள் எல்லாம் தரைக்கு மேலேயே நின்றுவிட்டன.

குமரன் அண்ணன் என்னைத் தோளில் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, சிவப்பு தெரியாத பக்கமாகச் சுற்றிப் போய், ஒரு நீளக் கழியால் அடுத்த மரத்தைத் தள்ளினார். அது காய்களோடு மெதுவாகப் படுத்துக்கொண்டது. அடுத்ததும் அப்படியே. பச்சை மரங்கள், காற்றே இல்லாத பகலில், ஒவ்வொன்றாக. குழிகளின் வரிசை வீட்டை நோக்கித்தான் போனது.

ஆன்டி அறுந்த கயிற்றைக் கையில் எடுத்தார். "இதுலயா நான் துணி காயப்போட்டேன்?"

தகவலைத் திருத்த முயன்றேன். 'அனுமதி இல்லை' என்றது, நான் செய்த செயலி. மேட்டில் ஏறி நின்று கட்டுப்பாட்டு அறையை அழைத்தேன். சாந்தி அக்கா எடுத்தார்.

"ஒன்னோடது வந்திருச்சு மா. பச்சை."

"அக்கா, அது தப்பு. படத்தைப் பாருங்க."

"பாத்தேன். கால் ரெண்டு பறக்குது. ஒரு கால்ல வாத்து சாக்ஸ், இன்னொன்னுல ஸ்ட்ராபெரி. இது என்ன டெஸ்ட்டிங்கா லா?"

"கால விடுங்கக்கா. ரெண்டு காலுக்கும் நடுவுல பாருங்க."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"மண்ணுக்குள்ளயா?" என்றார். குரல் மாறியிருந்தது. "வீடு எவ்ளோ தூரம்?"

"துணிக்கயிறு தூரம் அக்கா."

"பம்ப்பத் திருப்புறேன்."

பம்ப் வந்தது. கால்வாய் நீரை வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் இறைத்தார்கள். மண் குடித்துக்கொண்டே இருந்தது. குடிக்கக் குடிக்க வெள்ளை ஆவி மரம் உயரத்துக்கு எழுந்தது, நாங்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாத அளவுக்கு. உள்ளே எவ்வளவு பெரிய நெருப்பின் மேல் நடந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உடம்புக்கு உறைத்தது. பாதித் தோட்டம் போனது. வீடு நின்றது. என் வலது ஷூவின் அடிப்பாகம் உருகி, நடந்தால் ஒட்டி ஒட்டி வந்தது.

செயலியில் இப்போது முதல் கேள்வி, 'கழியால் மரத்தைத் தள்ளிப் பார்த்தீர்களா?' அதை அலுவலகத்தில் என் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். அம்மா அந்தப் படத்தைப் பார்த்தபோது நெருப்பைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. "ஒரே ஜோடியா போட்டுப் போகக் கூடாதா?" என்றுதான் கேட்டார். இன்றும் களவேலைக்குக் கிளம்பினால் சாலாக் செலாத்தானில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் சாக்ஸ் சோதனை உண்டு. தீபாவளிக்கு உறவுக்காரர்கள் வாத்துப் போட்ட பொருளாகவே வாங்கித் தருகிறார்கள்.

புதிய தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது அந்தப் படத்தைப் பெரிய திரையில் போடுவேன். முதலில் சிரிப்பார்கள். நான் காத்திருப்பேன். யாராவது ஒருவர் நடுவில் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவரைத் தொட்டுக் காட்டுவார். பிறகு அறை முழுக்க அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்கு இன்னும் பழகவில்லை.

கடைசியில், பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்.

"மிஸ், அந்த வாத்து யாருது?"

நான் கையைத் தூக்குவேன்.