கோட்டை விட்ட கதை

"இந்த வீட்டை விட்டுக் கோட்டு போனால், நானும் போவேன்!" என்று முழங்கினேன்.

"போறப்போ குப்பைக்கூடையையும் எடுத்துட்டுப் போ" என்றாள் என் மனைவி ரிம்மா.

சாதாரணக் கோட்டு இல்லை அது. மீன்பிடிக் கப்பலில் நான் அணிந்த ரோக்கன். எண்ணெய் ஏற்றிய மஞ்சள் துணி, முழங்கால் வரை நீளம். பேரன்ட்ஸ் கடல் கன்னத்தில் அறைந்தாலும் உள்ளே இருப்பவன் மேல் ஒரு சொட்டு படாது. நான் ஓய்வு பெற்றதும் அதுவும் ஓய்வு பெற்று, ஆர்க்கான்கெல்ஸ்கில் எங்கள் ஐந்தாம் மாடி பால்கனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மீன் கவிச்சி தாங்கல, அர்காஷா! கட்டடத்துப் பூனை பூராவும் நம்ம கதவைப் பிறாண்டுது."

"பூனைக்கு இருக்கிற ரசனைகூட உனக்கு இல்லையே!"

ஒரு காலத்தில் இருந்தது. மழையே இல்லாத ஒரு ஜூன் மாலையில், கடலோடி என்று ஊருக்குத் தெரியட்டுமே என்று அந்த ரோக்கனை மாட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனேன். கொட்டகைக் கூடத்தில் கடற்போர் விளையாட்டு எந்திரம் இருந்தது. பெரிஸ்கோப்பின் ரப்பரில் முகத்தைப் பதித்தால் உள்ளே நீலக் கடல். அடிவானத்தில் கப்பல் ஊர்ந்து போகும். பொத்தானை அமுக்கினால் டார்பிடோ வெளிச்சமாக ஓடும். ஒரு நாணயத்துக்குப் பத்து டார்பிடோ.

"மழைக்கோட்டு மாமா, நானும் சுடட்டுமா?" என்று கிண்டலாகக் கேட்டாள் ஒரு ஒல்லிக் குமரி. அவள்தான் ரிம்மா. பத்தும் தண்ணீரில் போயின. பின்னால் நின்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தேன்: "கப்பல் இருக்கிற இடத்தைப் பார்த்துச் சுடாதே. அது வரப்போற இடத்தைப் பார்த்துச் சுடு." மறுபடியும் பத்தும் வீண். மறுபடியும் நாணயம், மறுபடியும் கை. படம் முடிந்து கூட்டம் வெளியே வந்தபோதுகூட நாங்கள் எந்திரத்தருகேதான் நின்றிருந்தோம். அந்த ரப்பர் வாசனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு இளகிவிடும். அந்த மாலையை எப்படி ஐயா குப்பையில் போடுவேன்?

வழி ஒன்று கிடைத்தது. நகரக் கலாசார மாளிகையில் பழைய விளையாட்டு எந்திரங்களைப் பழுது பார்த்து வைத்திருந்தார்கள். நம் கடற்போரும் அங்கே இருந்தது! ரொட்டி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தினமும் போய்ப் பயிற்சி எடுத்தேன். திரும்பும்போது சாட்சிக்கு ஒரு கறுப்பு ரொட்டி.

"இருக்கிறது ரெண்டு வாய். எதுக்கு இத்தனை ரொட்டி?"

"ரொட்டி நல்லது, ரிம்மா."

 மிஞ்சியதைக் காயவைத்து, ஜாடி ஜாடியாக க்வாஸ் என்ற புளித்த ரொட்டிப் பானத்துக்கு ஊறப் போட்டாள்.

கை தேறியதும் பந்தயம் கட்டினேன். "கடற்போர் ஆடலாம். நீ ஜெயிச்சா கோட்டை என்ன வேணாலும் பண்ணிக்கோ. நான் ஜெயிச்சா அது பால்கனியிலேயே இருக்கும்."

"சரி" என்றாள். உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு கிளம்பினாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் எட்டுக் கப்பல் மூழ்கடித்தேன். ரிம்மா கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். பத்தும் மூழ்கின. பத்தும் அடித்தவருக்கு எந்திரம் ஓர் ஆட்டம் இனாம் கொடுக்கும். அதையும் ஆடி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு உனக்கு ஒண்ணுகூடப் படலையே!"

"பட்டிருந்தா கையை விட்டிருப்பியே, மக்கு!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பாசம் வேறு, கோட்டு வேறு. வீட்டுக்கு வந்ததும் அதைப் பக்கத்து வீட்டில் பதுக்கிவிடலாம் என்று பால்கனிக்கு ஓடினேன். ஆணியில் வெங்காயச் சரம் தொங்கியது.

"தேடாதே. நீ மொதல் தடவை ரொட்டி வாங்கப் போன அன்னிக்கே அது தோட்டத்துக்குப் போயாச்சு. காக்கா ஸ்ட்ராபெரியைக் கொத்துது, விரட்ட ஒரு பொம்மை வேணுமே."

"பந்தயமே இன்னிக்குத்தானேடி முடிஞ்சது!"

"வரப்போற இடத்தைப் பார்த்துத்தானே சுடணும்?"

"அப்புறம் எதுக்கு வந்து ஆடினே?"

"எத்தனை வருஷம் கழிச்சு வெளியே கூப்பிட்டே! விடுவேனா? இந்தா, உன் ரொட்டியைக் குடி" என்று க்வாஸை நீட்டினாள்.

கோட்டை விட்ட நான் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே உள்ள எங்கள் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். பாத்தி நடுவில் குச்சியில் என் ரோக்கன் நின்றது. அதன் தோளில் உட்கார்ந்து ஒரு காக்கை சாவகாசமாகப் பழம் தின்றுகொண்டிருந்தது.

"பார்த்தியா! கடலோடியோட கோட்டை இப்படி அவமானப்படுத்திட்டியே!"

 ரிம்மா கோட்டைக் குச்சியிலிருந்து கழற்றி, தூசி தட்டி, ஆசையாக என்னிடம் நீட்டினாள்.

"வெறும் கோட்டுக்குக் காக்கா பயப்படலை, அர்காஷா. உள்ளே ஆள் வேணும். மாட்டிக்கோ."

மாட்டிக்கொண்டேன்.